சூட்டில் கிளம்பாத எந்திரம்: டர்போ மகிழுந்தின் பழைய நோய் ஒன்றின் வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் மகிழுந்துப் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதி வந்த இந்தப் பக்கத்தில் இன்று எந்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். காரணம் உண்டு. இறுதிவரை படித்தால் அது விளங்கும்.

என் மைத்துனர் பழைய மகிழுந்துகளின்மீது தீராத பற்றுக் கொண்டவர். 1980களின் இறுதியில் உருவான, இரு கதவுகள் கொண்ட டர்போ விளையாட்டு மகிழுந்து ஒன்றை வாங்கினார். காலையில் ஒரே திருகில் உயிர் பெறும். ஜோர்ஜ் டவுனிலிருந்து தெலுக் பஹாங் வழியாகத் தீவைச் சுற்றி பாலிக் புலாவ் வரைக்கும் சிங்கம்போல் ஓடும். அங்கிருந்து துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் ஏறி இறங்கி, ஆயர் ஈத்தாமில் சற்று நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திருகினால் கிளம்பாது! எந்திரம் சுழலும், ஆனால் பற்றிக்கொள்ளாது. முக்கால் மணி நேரம் நிழலில் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும்.

மூன்று பட்டறைகள் பார்த்தன. ஒன்று மின்கலத்தை மாற்றியது. மற்றொன்று தீப்பொறிச் சுருளை மாற்றியது. மூன்றாவது பெட்ரோல் பம்பையே மாற்றியது. ஏறத்தாழ மூவாயிரம் வெள்ளி கரைந்தது. நோய் மட்டும் அப்படியே இருந்தது. "விற்றுவிடுகிறேன் மச்சான்" என்று அவர் சோர்ந்துபோனார்.

இந்த நோய் எங்கிருந்து வந்தது? அதன் வரலாற்றை முதலில் பார்ப்போம்.

ஈரத்துணிக் காலம்

என் தந்தையார் 1970களில் பினாங்கில் வாடகை வண்டி ஓட்டியவர். நண்பகலில் வண்டி மக்கர் செய்தால், முன்மூடியைத் திறந்து பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றுவார். சிறிது நேரத்தில் வண்டி கிளம்பும். எனக்கு அது மந்திரமாகத் தோன்றியது. தமிழ்நாட்டிலும் அம்பாசடர் ஓட்டுநர்கள் இதே வைத்தியத்தைச் செய்து வந்தார்கள். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியிலிருந்து பிறந்ததே அம்பாசடர். 1950களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-இல் நின்றது.

மந்திரத்தின் உள்ளே இருந்தது எளிய அறிவியல். பெட்ரோல் ஒரே பொருளன்று; பல நீர்மங்களின் கலவை. அதன் எளிதில் ஆவியாகும் பகுதி ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நம் ஊர் நண்பகல் வெப்பமே அதற்கு அருகில் நிற்கிறது. அக்காலத்துப் பம்பு எந்திரத்தின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அது தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பது நாம் அறிந்ததே. எனவே குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் தோன்றும். பம்பு நீர்மத்தைத் தள்ளுவதற்குப் பதிலாக ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும். இதனை ஆவியடைப்பு எனலாம். ஈரத்துணி பம்பைக் குளிர்வித்தது. ஆவி மீண்டும் நீர்மமாயிற்று. அவ்வளவே!

டர்போ வந்தது, சூடும் வந்தது

எந்திரத்திலிருந்து வெளியேறும் புகையில் வீணாகும் ஆற்றலைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எந்திரத்துக்குள் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் அது கப்பல்களின் டீசல் எந்திரங்களில் இடம்பெற்றது. அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் 1918-இல் விமான எந்திரம் ஒன்றை டர்போவுடன் பைக்ஸ் மலையுச்சிக்குக் கொண்டு சென்று சோதித்தார். உயரத்தில் காற்று மெலிந்திருக்கும் குறையை டர்போ ஈடுசெய்யும் என்று அங்கே காட்டினார்.

பொதுமக்கள் வாங்கும் மகிழுந்துகளில் அது 1962-இல் வந்தது. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் ஆகிய இரண்டு அமெரிக்க வண்டிகளே முன்னோடிகள். 1973-இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வெளிவந்தது. எண்ணெய் நெருக்கடி அதன் வாழ்வைச் சுருக்கியது. 1974-இல் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷ 911 டர்போ அறிமுகம் கண்டது. 1977-இல் சாப் 99 டர்போ, குடும்ப வண்டியிலும் டர்போ நிலைக்கும் என்று காட்டியது. அதே ஆண்டில் ரெனோ நிறுவனம் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு டர்போவைக் கொண்டுவந்து, 1979-இல் முதல் வெற்றியையும் பெற்றது. 1979-இன் இறுதியில் நிசான் நிறுவனம் ஜப்பானின் முதல் டர்போ மகிழுந்தை விற்பனைக்கு விட்டது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2002-ஆம் ஆண்டு உலக ரேலிப் போட்டியின் உற்பத்தி மகிழுந்துப் பிரிவில் மலேசியரான கரம்ஜிட் சிங் உலக வெற்றியாளர் ஆனார். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், மிட்சுபிஷி லான்சர் எவலூஷனை அடியொற்றிய டர்போ வண்டியே. அந்நாள்களில் நம் இளைஞர்களிடையே "டர்போ" என்னும் சொல் பெற்ற மதிப்பைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால், ஆற்றலோடு வெப்பமும் வந்தது. கடுமையாக ஓடும்போது பெட்ரோல் எந்திரத்தின் புகை 900 பாகையையும் தாண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்குமேல் சுழலக்கூடும். ஓடும்வரை எண்ணெய் சுற்றுகிறது, நீர் சுற்றுகிறது, எதிர்க்காற்று வீசுகிறது. சாவியைத் திருப்பி நிறுத்தியவுடன் மூன்றும் ஒருசேர நின்றுவிடுகின்றன. பழுக்கக் காய்ந்த இரும்பின் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. அது முன்மூடிக்குள்ளேயே பரவி, பெட்ரோல் குழாய்களையும் மின்கருவிகளையும் சுடுகிறது. ஆம், மகிழுந்தின் முன்மூடிக்குள் பல கருவிகள் மிகுதியாகச் சூடாவது ஓடும்போதன்று, நின்ற பிறகே! பத்து, இருபது நிமிடங்களில் அந்த வெப்பம் உச்சத்தைத் தொடுகிறது. ஆயர் ஈத்தாமில் நடந்ததும் அதுவே.

பொறியாளர்கள் கண்ட மருந்துகள்

முதல் மருந்து அழுத்தம். அடுப்படியில் அழுத்தக் கொதிகலன் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும். 1973-இல் போஷ் நிறுவனம் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக் என்னும் எரிபொருள் செலுத்தும் அமைப்பு, ஏறத்தாழ 5 பார் அழுத்தத்தில் இயங்கியது. போர்ஷ 911 டர்போவிலும் சாப் டர்போவிலும் அதுவே இருந்தது. அதில் திரட்டி என்றொரு சிறு கலம் உண்டு. வண்டி நின்ற பிறகும் உள்ளிருக்கும் சுருள்வில் பெட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். பம்பில் உள்ள ஒருவழி வால்வு, பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பிவிடாமல் தடுக்கும். இவ்விரண்டில் ஒன்று தளர்ந்தாலும் அழுத்தம் இறங்கும். குழாயில் ஆவி நிறையும். சூட்டில் வண்டி கிளம்பாது.

இரண்டாவது மருந்து குளிர்விப்பு. 1985-இல் வந்த போர்ஷ 944 டர்போவில், டர்போவின் தாங்கிப் பகுதிக்கு நீர் பாய்ச்சப்பட்டது. எந்திரம் நின்ற பின்னரும் சிறிய மின்பம்பு ஒன்று அந்த நீரைச் சுற்றிக்கொண்டிருக்கும். நம் இளைஞர்கள் 1990களில் பொருத்திய "டர்போ டைமர்" கருவியின் நோக்கமும் இதை ஒத்ததே. சாவியை எடுத்த பிறகும் எந்திரத்தைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு ஆற்றுப்படுத்தும்.

மூன்றாவது மருந்து நுட்பமானது. டொயோட்டா தன் எம்.ஆர்.2 டர்போவில், சூடான எந்திரம் கிளம்பும் வேளையில் மட்டும் பெட்ரோலின் அழுத்தத்தைச் சற்று உயர்த்தும் வால்வு ஒன்றை வைத்தது. வழக்கமாக அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியை எந்திரத்தின் உறிஞ்சுவிசை இழுத்து அழுத்தத்தைக் குறைத்து வைக்கும். சூட்டில் கிளம்பும்போது கணினி அந்த இழுப்பைத் துண்டித்துவிடும், அழுத்தம் உயரும், குமிழ்கள் அடங்கும்.

ஆண்டுகள் முப்பது கடந்தால் மருந்துகளும் மூப்படைகின்றன. ரப்பர் இறுகுகிறது, வால்வு கசிகிறது. ஆகவேதான் பழைய டர்போ வண்டிகளில் இந்த நோய் திரும்பி வருகிறது.

நோய் நாடி, நோய் முதல் நாடுதல்

நான்காவது பட்டறைக்குப் போன கதைக்கு வருகிறேன். டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டே வண்டிகள் நிற்கக்கூடிய சிறிய பட்டறை அது. உள்ளிருந்து வந்தவரைக் கண்டதும் திகைத்தேன். 1990களில் என்னிடம் ஐந்தாம் ஆண்டில் பயின்ற மாணவர்! "ஐயா!" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்து வணங்கினார்.

மைத்துனர் விவரத்தைச் சொல்லி முடித்தார். அவர் எதையும் கழற்றவில்லை. "ஐயா, கோளாறு சூட்டில்தானே வருகிறது? ஆறிய வண்டியைப் பார்த்தால் என்ன தெரியும்? வாருங்கள், ஒரு சுற்றுப் போய் வருவோம்" என்றார். புறப்படும் முன்னர் பெட்ரோல் குழாயில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். மலையேறி இறங்கி வந்து, வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறக்காமல் காத்திருந்தோம். காத்திருக்கையில் அவர் சொன்ன முறையை, மாணவனாக அமர்ந்து கேட்டு எழுதிக்கொண்டேன்.

1. திருகும்போது எந்திரம் மெதுவாகச் சுழல்கிறதா, வழக்கம்போல் சுழல்கிறதா? மெதுவாகச் சுழன்றால் ஸ்டார்ட்டர் அல்லது மின்கலத்தின் பக்கம் பார்க்க வேண்டும். செம்புக்கம்பி 100 பாகை கூடுதலாகச் சூடானால், அதன் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு உயரும். புகைக்குழாய்க்கு அருகில் இருக்கும் ஸ்டார்ட்டர் திணறுவது அதனால்தான்.

2. வழக்கம்போல் சுழன்றும் கிளம்பவில்லையெனில், அந்த நொடியிலேயே தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பற்றவைப்புக் கருவியும் சுழல்தண்டு உணரியும் சூட்டில் மட்டும் செயலிழந்து, ஆறினால் பிழைத்துக்கொள்ளும். ரிலேயின் ஈயப் பற்றுகளில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அப்படியே.

3. தீப்பொறி இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் அளவுக்குமேல் வருகிறது.

4. நனைந்திருந்தால் வெப்ப உணரியை ஐயுற வேண்டும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைய வேண்டும். போஷ் உணரியெனில் 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம். 80 பாகையில் 300 ஓமை ஒட்டி வரும். பழுதான உணரி "எந்திரம் குளிர்ந்திருக்கிறது" என்று பொய் சொன்னால், கணினி அதை நம்பி பெட்ரோலைக் கொட்டும். கசியும் இன்ஜெக்டரும் பிளக்கை நனைக்கும்.

5. உலர்ந்திருந்தால், நின்ற பிறகு அழுத்தம் நிலைக்கிறதா என்று அளக்க வேண்டும். எவ்வளவு நிலைக்க வேண்டும் என்பதை அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும்.

அன்று தீப்பொறி இருந்தது. பிளக் உலர்ந்திருந்தது. நிறுத்தியபோது 2.5 பார் காட்டிய முள், சில நிமிடங்களிலேயே சுழியை நெருங்கியது. நோய் தெரிந்துவிட்டது; நோயின் முதல் தெரியவேண்டும். பம்பை மட்டும் ஓடவிட்டு அழுத்தத்தை மீண்டும் ஏற்றி, நிறுத்தியவுடன் பெட்ரோல் வரும் ரப்பர்க் குழாயைக் கிடுக்கியால் மெல்ல அடைத்தார். முள் அப்போதும் இறங்கியது. ஆகவே கசிவு பம்பின் பக்கம் இல்லை. மீண்டும் ஏற்றி, இம்முறை தொட்டிக்குத் திரும்பிச் செல்லும் குழாயை அடைத்தார். முள் அசையாமல் நின்றது! அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியின் வழியே பெட்ரோல் தொட்டிக்குக் கசிந்துகொண்டிருந்தது. இன்ஜெக்டர் கசிந்திருந்தால், எதை அடைத்தாலும் முள் இறங்கியிருக்கும்.

கைப்பிடிக்குள் அடங்கும் சிறிய கருவி அது. மாற்றினார். அன்று பிற்பகலே மலையேறி வந்து ஆயர் ஈத்தாமில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திருகினோம். ஒரே திருகில் கிளம்பியது. நல்ல பம்பைக் கழற்றி எறிந்தது வீண் என்று மைத்துனர் வருந்தினார்.

(பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். சூடான எந்திரத்தின் அருகே பெட்ரோல் குழாயைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. இந்தச் சோதனைகளைத் தேர்ந்தவரிடமே விடுங்கள்.)

காத்திருந்தபோது கேட்டது

அந்த மாணவரைப் பற்றி அன்றைய மதிப்பீட்டு அறிக்கையில் நான் எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சோம்பல் மிகுதி. வகுப்பில் உறங்குகிறான்." அவருடைய தாயாரிடமும் அதையே, அவர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். காலையில் கணிதப் பாடத்தில் சுறுசுறுப்பாக இருப்பார். ஓய்வு நேரத்துக்குப் பின் தலை மேசையில் சாய்ந்துவிடும். இடத்தை மாற்றினேன், முன்வரிசையில் உட்கார வைத்தேன், நிற்க வைத்தேன், கண்டித்தேன். எதுவும் பலிக்கவில்லை.

மானியின் முள்ளைப் பார்த்தபடியே அவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக் காலத்தில் அம்மா தோசைக்கடை வைத்திருந்தார்கள், ஐயா. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து மாவு தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவேன். பத்தரை மணிக்குமேல் கண் தானாகவே மூடிவிடும்."

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஓராண்டு முழுவதும் அந்தப் பிள்ளையை நான் பார்த்தேன். ஆனால் ஒரு முறைகூட அளக்கவில்லை. "ஏன் பத்தரை மணிக்குமேல் மட்டும்?" என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. இடத்தை மாற்றியதும் நிற்க வைத்ததும், மின்கலத்தையும் பம்பையும் மாற்றிய பட்டறைகள் செய்த வேலையே அன்றி வேறென்ன? அவர்களாவது வண்டியின் பாகங்களைத்தான் மாற்றினார்கள். நான் ஒரு பிள்ளையின்மேல் "சோம்பல்" என்னும் சொல்லை ஒட்டி அனுப்பினேன்.

"நீ ஏன் அன்றே சொல்லவில்லை, தம்பி?" என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே, ஐயா" என்றார். அதிலும் குற்றச்சாட்டு இல்லை.

இன்று 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50, 2021-இல் வந்த பெரோடுவா அத்திவா என நம் குடும்ப வண்டிகளிலேயே டர்போ வந்துவிட்டது. கணினிக் கட்டுப்பாடும் உயர் அழுத்தச் செலுத்தமும் அந்தப் பழைய நோயைப் பெருமளவு அடக்கிவிட்டன. என் மைத்துனரின் வண்டிபோன்ற பழையவை மட்டுமே இன்னும் அதைச் சுமந்து திரிகின்றன.

வகுப்பறையில் அந்த நோய் இன்னும் தீரவில்லை. ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், ஒரு குறிப்பிட்ட பாடத்தில் மட்டும் "கிளம்பாத" பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அறிக்கையில் ஒரு சொல்லை எழுதுவதற்கு முன்னர், அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் அருகே சற்று அமர்ந்து பாருங்கள். பெற்றோர்களே, ஆசிரியர் கேட்கவில்லையென்றாலும் வீட்டு நிலையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

விடைபெறும்போது அவர் கூலியாக மிகச் சிறிய தொகையே வாங்கினார். அடுத்த மாதம் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வெப்பத்தையும் அழுத்தத்தையும் பற்றித் தமிழிலேயே ஒரு மணி நேரம் பேச வருவதாக ஒப்புக்கொண்டுள்ளார். அழுத்தமானியையும் கொண்டுவருவாராம். நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்க இருக்கிறேன்.